டி செக்ஷன்காரன் புலம்பல்

போன மாசம் கோவில்பட்டி போயிருந்தப்போ பக்கத்து வீட்டு மதினி கடலை மிட்டாயை நீட்டினாங்க. "கொழுந்தனாரே, பாப்பாவை மாடல் ஸ்கூல்ல எடுத்துட்டாங்க!" மதினிக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை, அண்ணனுக்கு மானாவாரி உளுந்து. சந்தோஷத்துல நானும் ரெண்டு மிட்டாய் கூடவே எடுத்துக்கிட்டேன் :-)

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல அந்தப் புள்ளையோட பழைய வாத்தியாரைப் பாத்தேன். வாழ்த்து சொன்னா மனுசன் முகம் சுருங்கிருச்சு. "கிளாஸ்ல கேள்வி கேக்குறது அவ ஒருத்திதான் சார். இப்ப சுவத்தோட பேசிட்டிருக்கேன்"னாரு. அன்னியிலேருந்து அதேதான் மண்டைக்குள்ள ஓடுது.

அரசு மாதிரிப் பள்ளிகள் 2021-22ல பத்து மாவட்டத்துல ஆரம்பிச்சு, 38 மாவட்டத்துக்கும் வந்தாச்சு. அரசுப் பள்ளிகள்ல நல்லா படிக்கிறவங்களைப் பொறுக்கி, ஹாஸ்டல்ல தங்க வச்சு, ஐஐடி, என்ஐடின்னு அனுப்புறாங்க. நிஜமாவே போறாங்க. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வேடிக்கை என்னன்னா, 1986 கல்விக் கொள்கையோட வந்த நவோதயாவை நாம உள்ள விடல. சண்டை பூரா இந்தியைப் பத்தி. பொறுக்கி எடுக்கலாமாங்கிற கேள்வி அதுக்கடியில அமுங்கிப் போச்சு.

நான் படிச்ச பள்ளிக்கூடத்துல (பேரு வேண்டாம்) மார்க் வச்சு ஏ முதல் டி வரை பிரிச்சாங்க. ஒன்பதாவதுல நான் டி. வாத்தியார் லீவுன்னா ஏ செக்ஷனுக்கு மாத்து ஆள் வரும், எங்களுக்கு வராது. என் பெஞ்சுக்காரன் விடியக்காலையிலயே கட்டை அடுக்கிட்டு வந்து முதல் பீரியட்லயே தூங்கிருவான். அவன் மக்கு இல்லை, தூக்கம் பத்தலை. மார்க் ஷீட்டுல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பத்தாவதுல ஹெட்மாஸ்டர் மாறினார், எல்லாரையும் கலந்து போட்டார். ஏ செக்ஷன்ல இருந்து வந்த ஒருத்தன்தான் வேப்பமரத்து நிழலை அளக்க வச்சு எனக்கு டிரிக்னாமெட்ரி புரிய வச்சான். சொல்லிக் குடுத்தப்பதான் தனக்கே புரிஞ்சுதுன்னு இன்னிக்கும் சொல்லுவான்.

"ஹாக்கிக்கு மட்டும் ஆள் பொறுக்கலாமாக்கும்?"னு ஒரு நண்பர் மடக்கினார். நியாயம்தான். நம்மூர் ஹாக்கி விடுதியில பயிற்சி எடுத்த மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கே ஆடினாங்க. ஆனா ஹாக்கி வரலைன்னா வேற பொழப்பு பாத்துக்கலாம். பத்தாங்கிளாஸ் கணக்கு வரலைன்னா?

இங்கிலாந்துல 11 வயசுலயே பரீட்சை வச்சு வடிகட்டினவங்க, 1965க்கு அப்புறம் பெரும்பாலான ஊர்ல அதைக் கைவிட்டாங்க. இன்னும் 163 கிராமர் ஸ்கூல் பாக்கி, சண்டையும் பாக்கி. நம்ம 2009 கல்வி உரிமைச் சட்டமும் பள்ளியில சேர்க்கும்போது வடிகட்டக் கூடாதுன்னுதான் சொல்லுது, ஆனா அந்தக் காவல் எட்டாவதோட சரி.

மாதிரிப் பள்ளியை மூடச் சொல்லல. அங்க இருக்குற வாத்தியாரும் லேபும் புள்ளைகளை அனுப்பி வச்ச பள்ளிக்கூடத்துக்கும் வரணும். ஹாஸ்டல் இடத்துல பாதியாவது, மார்க் பாக்காம, வீட்டுல படிக்க இடமில்லாததுகளுக்குக் குடுக்கணும்.

லீவுக்கு வந்தா பாப்பாவை ஒருநாள் பழைய கிளாஸுக்கு அனுப்புங்கன்னு மதினிகிட்ட போன்ல கேட்டேன். "முதல்ல எங்கூட ரெண்டு நாள் இருக்கட்டும் கொழுந்தனாரே, பொறவு பாக்கலாம்"னாங்க.