கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டிய மவுஸ்

நவராத்திரி நெருங்கும்போது ஆண்டுதோறும் குமரி மாவட்டத்திலிருந்து மூன்று தெய்வங்கள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றன. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை செந்திட்டைக்கும் போவார்கள். வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது ஆரியசாலை தேவி கோயிலில். கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் அந்த நாட்களில் ஆயுத பூஜை நடக்கும். ஒரு காலத்தில் தராசுக்கும் முழக்கோலுக்கும் பேரேட்டுக்கும் சந்தனம் வைத்தார்கள். இன்று கணக்கு கணினிக்குள் போய்விட்டது; பில் போடும் மேசையிலிருக்கும் மவுஸுக்கும் குங்குமப் பொட்டு விழுகிறது.

பொட்டு வைக்கும் அளவுக்கு அது தொழிற்கருவியாகிவிட்டது. ஆனால் மற்றக் கருவிகளை வாங்கும் கவனத்தோடு அதை யாரும் வாங்குவதில்லை.

ஆரியசாலையை ஒட்டிய சாலைக் கடைத்தெரு, திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாக வாழும் இடம். அங்கே கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கியவர் ஆ. மாதவன். இந்தச் சந்தைக்கு வருகிறவர்கள் பாத்திரத்தைச் சுண்டி ஓசை கேட்பார்கள். அரிவாளைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பார்கள். துணியைக் கசக்கிப் பார்ப்பார்கள். அதே ஆள் வயர்லெஸ் மவுஸ் வாங்கும்போது, ஒட்டி மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் தெரியும் நிறத்தையும் மேலே ஒட்டிய விலையையும் மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கிறார். ஒரு நாளில் எட்டு மணி நேரம் கை பிடித்திருக்கப் போகும் பொருளை ஒரு நொடிகூடப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவது தவறு. பிடித்துப் பார்க்க வழியில்லாமல் விற்பது அதைவிடப் பெரிய தவறு.

முதலில் கை. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தால் ஒருவருக்கு 16 சென்டிமீட்டர் இருக்கும், இன்னொருவருக்கு 20 இருக்கும். பயணத்துக்கென்று செய்த குட்டி மவுஸைப் பெரிய கைக்காரர் நாள் முழுக்கப் பிடித்தால் விரல்கள் மடங்கியபடியே இருந்து வலிக்கும். பெரிய மவுஸ் சிறிய கையில் சிக்கினால், பொத்தானை எட்டுவதற்காகக் கை முழுவதும் இழுபடும். உள்ளங்கை மவுஸின் முதுகில் சாய வேண்டும். மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்தவோ பக்கவாட்டில் ஒடியவோ கூடாது. இந்த இரண்டையும் உறையின்மேல் அச்சிட்ட எந்த வாசகமும் சொல்லிவிடாது.

இடக்கைக்காரர்களின் பாடு இன்னும் சிரமம். கட்டைவிரலுக்குக் குழிவு கொடுத்து அழகாக வளைத்த மவுஸ்கள் பெரும்பாலும் வலக்கைக்கே செய்யப்படுகின்றன. லாஜிடெக் நிறுவனம் 2022இல் கொண்டுவந்த ‘லிஃப்ட்’ என்ற செங்குத்து மவுஸ், கை குலுக்கும் நிலையில் 57 பாகை சாய்வாகப் பிடிப்பது. அதில் இடக்கைக்கென்று தனி வடிவமும் உண்டு. செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. மற்றவர்களும் செய்ய வேண்டும்.

அடுத்து ஆயுள். ஒரே ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாகக் கணினி எடுத்துக்கொள்ளும் கோளாறு பலருக்கும் தெரிந்ததே. பில்லில் ஒரு சரக்கு இரண்டாகப் பதிவாகும்போதுதான் அதன் தொல்லை புரியும். மவுஸின் பொத்தானுக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் மெல்லிய உலோக நாக்கு ஒன்று. ஒரு கோடி அழுத்தம் தாங்கும், இரண்டு கோடி தாங்கும் என்று அந்தச் சுவிட்சுகளுக்குக் கணக்குச் சொல்வார்கள். நாளுக்கு 5,000 முறை அழுத்துகிறவர் ஆண்டில் 300 நாள் வேலை செய்தால் 15 லட்சம் ஆகிறது. ஒரு கோடி என்றால் ஆறரை ஆண்டுக்கு மேல் வர வேண்டும். பல மவுஸ்கள் அதற்கு வெகு முன்பே தடுமாறுகின்றன. நாக்கின் விறைப்பு தளர்கிறது. தொடும் முனையில் ஆக்சைடு படலம் படிகிறது. பேட்டரியைச் சேமிப்பதற்காக மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் கருவியில், அந்தப் படலத்தை எரித்து நீக்கும் அளவுக்கு மின்னோட்டம் இருப்பதில்லை. உலோகத் தொடுமுனைக்குப் பதில் ஒளிக்கதிரால் வேலை செய்யும் சுவிட்ச் உள்ள மவுஸ்களில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊருக்கு இன்னொரு எச்சரிக்கை தேவை. பிடிமானத்துக்காகப் பக்கவாட்டில் மென்மையான ரப்பர் பூச்சு பூசிய மவுஸ்கள் கடையில் தொட்டால் சுகமாக இருக்கும். காற்றின் ஈரமும் கையின் வியர்வையும் சேர்ந்து சில ஆண்டுகளில் அந்தப் பூச்சைச் சிதைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். அரபிக்கடல் காற்று வீசும் ஊரில் சொரசொரப்பான சாதாரண பிளாஸ்டிக் உடல்தான் நீடித்து உழைக்கும்.

கண்ணாடி பதித்த மேசைமேல் கணினி வைத்திருக்கும் கடைகள் ஏராளம். சாதாரண ஒளி மவுஸ் வெறும் கண்ணாடியில் வழி தவறும். கண்ணாடியிலும் ஓடும் உணரி விலை கூடியது. இல்லாவிட்டால் ஒரு மவுஸ் பேட் போதும். திரையில் அம்புக்குறி விட்டுவிட்டு நகர்வதற்குக் காரணம் பல நேரம் மவுஸ் அல்ல, ரிசீவரை மாட்டிய இடம். சிபியுவின் பின்பக்கம் மாட்டினால் இரும்புப் பெட்டியே அலையை மறைக்கும். பக்கத்தில் நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில் ஹார்ட் டிஸ்க் ஓடினால், அந்த இரைச்சல் மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் கலக்கும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. ரிசீவரை முன்பக்கத்துக்கு மாற்றினாலே பாதித் தொல்லை தீரும்.

பேட்டரி விஷயத்தில் பழைய வழியே நல்ல வழி. பென்சில் பேட்டரி போடும் மவுஸில் செல் தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் செல்லும் போடலாம். நீண்ட விடுமுறையில் செல்லைக் கழற்றி வைத்தால் கசிவு பயமும் இல்லை. உள்ளேயே அடைத்த லித்தியம் பேட்டரியோ சில நூறு சார்ஜுகளுக்குப் பின் கொள்ளளவு குறைந்து, நல்ல நிலையிலிருக்கும் மவுஸையும் குப்பைக்கு அனுப்பிவிடுகிறது. ஆப்பிள் 2015இல் வெளியிட்ட மேஜிக் மவுஸ் 2இல் சார்ஜ் துளை அடிப்பக்கத்தில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்வரை அதைப் பயன்படுத்தவே முடியாது.

பழுது பார்க்கத் தெரிந்தவர் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. சுவிட்ச் சில பத்து ரூபாய்ப் பொருள்; சால்டரிங் செய்யச் சில நிமிடம் போதும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. திருகுகளை அடியில் ஒட்டிய வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே ஒளித்துவைக்கிறார்கள். பட்டையைப் பிய்த்தால்தான் திறக்கலாம். பிய்த்தால் மவுஸ் பழையபடி வழுக்காது. சில மாதிரிகளில் மேல்மூடியையே பசைபோட்டு ஒட்டிவிடுகிறார்கள்.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24இல் இணையதளம் தொடங்கியது. செல்பேசி, மின்னணுச் சாதனங்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள், வேளாண் கருவிகள் என்று அதன் பார்வை விரிகிறது. ஐரோப்பிய ஒன்றியமோ, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதியை 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. அதே கட்டாயம் இந்தியாவிலும் வர வேண்டும். திருகு வெளியே தெரிய வேண்டும். பேட்டரியும் சுவிட்சும் உதிரியாகக் கிடைக்க வேண்டும். உத்தரவாதக் காலம் உறையின்மேல் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத ஒரு வேலையை ஆரியசாலைக் கடைக்காரர்கள் வருகிற ஆயுத பூஜைக்கு முன்பே செய்யலாம். சிறிய கைக்கு ஒன்று, பெரிய கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று என்று மூன்று மவுஸ்களை உறையிலிருந்து எடுத்து, செல் போட்டு, கணினியோடு இணைத்து மேசைமேல் வைக்கட்டும். வாடிக்கையாளர் பிடித்து, உருட்டி, பத்து முறை அழுத்தி, அடியைத் திருப்பித் திருகு எங்கே என்று பார்க்கட்டும். அரிவாள் வாங்க வந்தவருக்குக் கொடுத்த அந்த ஒரு நிமிடத்தை மவுஸ் வாங்க வந்தவருக்கும் கொடுக்கட்டும்.