ஆறாத புண்ணும் கடைக் களிம்பும்

ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என 2018ஆம் ஆண்டு மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஆயினும், கடையில் கேட்டு வாங்கிப் பூசும் வழக்கம் நீங்கவில்லை. பிறப்புறுப்பில் தோன்றிய புண்ணை மருத்துவரிடம் காட்டக் கூச்சப்படும் முதியவர்களுக்கு இவ்வழக்கம் பெருங்கேடாக முடியலாம்.

ஆண்குறியின் முனையிலோ முன்தோலிலோ உண்டாகும் சிவந்த திட்டு, பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்; நீரிழிவு உள்ளோருக்கு இது எளிதில் வரும். தீங்கற்ற அழற்சியாகவோ, புற்றுநோயின் தொடக்க நிலையாகவோ இருக்கவும் கூடும். பார்வைக்கு இவை ஒன்றுபோலவே தோன்றலாம். ஸ்டீராய்டு களிம்பு சிவப்பையும் அரிப்பையும் சில நாள் தணிக்கும். ஆனால், உள்ளிருக்கும் நோய் மறைந்தே வளரும்.

ஆகவே, திட்டு, புண், தடிப்பு அல்லது இரத்தக் கசிவு நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவை அணுகுங்கள். இதுவரை பூசிய களிம்பையும் எடுத்துச் செல்லுங்கள். மரத்துப்போகும் ஊசியிட்டுச் சிறிதளவு சதை எடுத்துச் செய்யப்படும் திசுப் பரிசோதனையே நோயை உறுதிப்படுத்தும்.

பராமரிப்போர் இதனை ஒழுக்கக் குறையாகக் கருத வேண்டாம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால், பெரும்பாலும் உறுப்பை இழக்காமலே குணமடையலாம்.