திரை குழம்பினால் பிளக்கைப் பிடுங்காதீர்கள்



2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திக்கொண்டது. புதிய கணனி வாங்க வசதியில்லாத வீட்டார் சிலர், பழைய கணனியிலேயே லினக்ஸ் மின்ட் போட்டுப் பாவிக்கின்றனர். காசும் கொடுக்க வேண்டியதில்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு நாள் யன்னல்களின் மேற்பட்டி காணாமற் போகும். மூடுவதற்குப் பெருக்கல் குறியும் இராது. யன்னலை இழுத்தால் பின்னால் வால்போலத் தடம் விழும். மகளின் பாடசாலை ஒப்படையோ தையற் கணக்கோ பாதியில் நிற்கும்.

இந்த நேரத்தில் வீட்டில் நடப்பது என்ன? ஒருவர் பிளக்கைப் பிடுங்குவார். மற்றவர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார். அங்கே "வைரஸ்" என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவார்கள். பணமும் போய், கலியாணப் படங்களும் போய்விடும். இத்தனைக்கும் அந்தப் படங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

விடயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். லினக்ஸில் நீங்கள் எழுதும் மென்பொருள் வேறு. யன்னலுக்குச் சட்டம் போட்டு, மேற்பட்டி வைத்து, நகர்த்தித் தருகின்ற வின்டோ மனேஜர் வேறு. 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவகத்தில் உருவான எக்ஸ் வின்டோ முறையிலிருந்தே இந்தப் பிரிவினை இருக்கிறது. பிற்காலத்தில் நிழல், மங்கல், மெல்லத் தோன்றி மறைதல் ஆகிய அலங்காரங்களும் சேர்ந்தன. 2006இல் நொவெல் நிறுவனம் வெளியிட்ட கொம்பிஸ் என்ற மென்பொருளில் யன்னல்கள் ஜெலிபோல ஆடின. இவ்வலங்காரங்களுக்காக ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனித் தாளில் வரைகிறது. அத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாகக் காட்டுவதற்குக் கிராஃபிக்ஸ் காட் உழைக்கிறது. அடுக்குபவர் தடுமாறினால் திரை குழம்பும். தாளில் எழுதியது அழிவதில்லை.

ஆகவே முதலில் கண்ட்ரோலையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், சேமிக்கக்கூடியது சேமிக்கப்படட்டும். மின்டின் சினமன் பதிப்பாயின் அடுத்து கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருமிக்க அழுத்துங்கள். திரை ஒரு கணம் சிமிட்டும். சினமன் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருந்தவை திறந்தபடியே இருக்கும். இது எக்ஸ் முறைக்கே பொருந்தும். 21.3 பதிப்பு முதல் சோதனைக்காகத் தரப்பட்ட வேலண்ட் முறையில் அடுக்குபவரும் திரையை ஆள்பவரும் ஒருவரே. அவர் விழுந்தால் பொதுவாக எல்லாமே விழும். வேலைக்குரிய கணனியில் அதைத் தெரிவு செய்யாதிருப்பதே புத்தி.

அதற்கும் அசையவில்லையா? கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். (மடிக்கணனி சிலவற்றில் எஃப்என் விசையும் வேண்டும்.) பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, பயப்பட வேண்டாம். பின் ரீபூட் என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி என்டர் கொடுத்தால் கணனி முறையாக மீளத் தொடங்கும். லிப்ரே ஒபிஸில் எழுதியிருந்தால், மாற்றாமல் விட்டிருக்கும் வரை அது 10 நிமிடத்துக்கொரு முறை மீட்புப் பிரதி எடுக்கும், திறந்ததும் "மீட்கவா?" என்று கேட்கும்.

நோய் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் தேட வேண்டும். குழம்பிய திரையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறொரு கணனியிலோ தொலைபேசியிலோ பாருங்கள். படத்தில் குழப்பம் இல்லையென்றால் கேபிளையும் திரையையும் சந்தேகியுங்கள். "சொஃப்ட்வேர் ரெண்டரிங் மோட்" என்று அறிவித்தல் வந்தால் கிராஃபிக்ஸ் காட் வேலை செய்யவில்லை. அதன் சுமையையும் புரொசசரே சுமக்கிறது என்று பொருள். என்விடியா காட் உள்ளவர்கள் டிரைவர் மனேஜரைத் திறந்து, அங்கே பரிந்துரைக்கப்படும் டிரைவரைப் போடலாம். புதுப்பித்தலுக்கு மறுநாளே கோளாறு தொடங்கியதா? கணனி தொடங்கும்போது வரும் பட்டியலில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் சென்று முந்திய கேர்னலைத் தெரிவு செய்து பாருங்கள். அதில் சரியாக இயங்கினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

மிகப் பழைய கணனிக்கு அலங்காரமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சினமனில் சிஸ்டம் செட்டிங்ஸில் எஃபெக்ட்ஸ் பகுதியை நிறுத்தினால் அசைவுகள் மட்டுமே நிற்கும். அடுக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கும். எக்ஸ்எஃப்சிஈ பதிப்பிலோ வின்டோ மனேஜர் ட்வீக்ஸில் கொம்பொசிட்டர் என்ற தாவலில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் அந்த வேலையே நின்றுவிடும். நிழல் இராது, யன்னல் சட்டென்று திறக்கும்.

கடைக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டுமென்றால், "முதலில் ஹோம் ஃபோல்டரை வெளி டிரைவில் பிரதி எடுங்கள், பிறகு கை வையுங்கள்" என்று சொல்லி, அவர் பிரதி எடுத்து முடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.