கூத்தின் குரலுக்கு எந்தக் கோப்பு?

புதுவையின் மண்ணாடிப்பட்டுப் பகுதி ஊர்களுக்கு நாட்டார் பாடல் திரட்டச் செல்லும் தமிழ்த்துறை மாணவர்கள் குறிப்பேடும் கைப்பேசியுமாகத் திரும்புகிறார்கள். குறிப்பேடு ஆய்வேடாகிறது. கைப்பேசிப் பதிவோ, மதிப்பெண் வந்தபின் இடநெருக்கடியால் பெரும்பாலும் அழிக்கப்படுகிறது. ஒப்பாரியின் வரி நம்மிடம் தங்குகிறது. குரல் இழுத்து நிறுத்தும் இடம் தங்குவதில்லை. வாய்மொழி இலக்கியம் கற்பிக்கும் நாம் வாயை விட்டு மொழியை மட்டும் சேமிக்கிறோம்.

தப்பிப் பிழைத்தவற்றின் நிலையும் மெச்சத்தக்கதன்று. பழைய கைப்பேசிகள் பல, பேச்சுக்கென அமைந்த ஏ.எம்.ஆர். வடிவில் பதிந்தன. நொடிக்கு 8,000 மாதிரிகளே எடுக்கும் அவ்வடிவில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி நுழையவே நுழையாது. உரையாடலுக்கு அது போதும். கூத்துமேடையின் முகவீணைக்கும் தாளத்துக்கும் போதுமா? பின்னாளில் அதை எவ்வடிவுக்கு மாற்றினாலும் போனது மீளாது. எம்பி3யும் செவி பொருட்படுத்தாது என்று கணித்தவற்றைக் கழித்தே சுருக்குகிறது. மறுபடி மறுபடி மாற்றினால் இழப்பு கூடும். (ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தோர் பிழை பெருக்கிய கதை நமக்குப் புதிதன்று.)

ஒலிநாடாக்களைக் கணினிக்கு ஏற்ற, 2000இல் வெளிவந்த ஆடாசிட்டி போதும். வடிவம் மாற்ற, அதே ஆண்டில் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது. ஒரே கட்டளையில் கோப்புறை முழுவதையும் மாற்றும்படி அதற்குச் சிறு நிரல் எழுதலாம். சேமிக்க ஏற்றது 2001இல் வந்த ஃபிளாக். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு மணிநேர ஒலி ஏறத்தாழ 635 மெகாபைட். ஃபிளாக் அதைப் பாதியளவுக்கு நெருங்கச் சுருக்கும், ஒரு துகளும் இழக்காமல். விடிய விடிய நடக்கும் கூத்து விரலளவு நினைவகத்தில் அடங்கிவிடும்.

இவை விலையின்றிக் கிடைப்பதால் மட்டும் பரிந்துரைக்கிறோம் அல்லோம். எம்பி3யின் காப்புரிமை உரிமத் திட்டத்தை ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2017இல்தான் முடித்துக்கொண்டது. அதுவரை அவ்வடிவம் வேலிக்குள் இருந்தது. மூலநிரல் திறந்திருக்கும் வடிவமாயின், ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஆய்வாளர் எவரிடமும் இசைவு கேளாமல் திறந்து கேட்கலாம்.

ஆகவே ஆய்வேட்டோடு மூல ஒலிக்கோப்பையும், மாற்றம் ஏதும் செய்யாமல், துறை நூலகம் கேட்டுப் பெற வேண்டும். ஒலிநாடாவாயின் அதன் ஃபிளாக் படியைப் பெறலாம். பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியன கோப்பிலேயே பொதியப்படட்டும். அவர் இசைவின்றி இணையத்தில் ஏற்றலாகாது. பாடிய மூதாட்டிக்கும் ஒரு படி சேர வேண்டும். அது அவர் வீட்டுக் கைப்பேசியில் ஓடக்கூடிய எம்பி3 ஆகவே இருக்கட்டும்.