வடக்கேயிருந்து ஆள் வருகிறது, கூலி எங்கே போகிறது?



திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சென்னைக் கட்டட வேலையிலும் பீகார்க்காரர், ஒடிசாக்காரர் வேலை பார்ப்பதைப் பல வருசமாகக் கேள்விப்படுகிறோம். அது நமக்குத் தூரத்துச் செய்தியாக இருந்தது. இப்போது மேற்கு வங்காளத்திலிருந்து நம்ம டெல்டா வயலுக்கே நடவு நட வந்து இறங்குகிறார்கள். டீக்கடையில் இதைப் பற்றி ரெண்டு பேச்சு ஓடுகிறது. ஒருத்தர், "இவங்களை ஊருக்குள்ள விடக் கூடாது, சங்கம் தீர்மானம் போடணும்" என்கிறார். இன்னொருத்தர், "செலவு குறையுது, வேலையும் சுத்தம், இன்னும் நாலு வண்டி வரட்டும்" என்கிறார். ரெண்டு பேருமே நம்ம சங்கத்து ஆட்கள்தான். ரெண்டு பேச்சிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆள் ஏன் வந்தது என்று முதலில் பாருங்கள். நம்ம பிள்ளைகள் சேற்றில் கால் வைத்து ரொம்ப நாளாச்சு. படிக்க வைத்தோம், சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். அதில் குற்றமில்லை. அறுப்பு வேலையைப் பறித்தது எந்த வடக்கத்தியானும் இல்லை, கதிர் அறுக்கும் எந்திரம். அதை வாடகைக்கு அமர்த்தியதும் நாம்தான். மிச்சம் இருந்தது நாற்றுப் பறியும் நடவும் களையும்தான். அந்த நடவும் நிதானமாக நடக்கிறதா? ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் எட்டியதும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டும். ஆக, நமக்கு இருப்பது வருசம் முழுக்க ஆள் பஞ்சம் இல்லை, பதினைந்து இருபது நாள் பஞ்சம். மற்ற நாளெல்லாம் நம்ம ஊர்ப் பெண்கள் வேலை தேடித்தான் உட்கார்ந்திருக்காங்க.

நூறு நாள் வேலைதான் ஆளைக் கெடுத்தது என்று பேசுகிறவர்களும் உண்டு. 2005-ல் வந்த அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் புதுச் சட்டம் ஒன்றை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிவிட்டார்கள். நடவு, அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்று அதில் இருக்கிறது. விவசாயத்துக்கு ஆள் கிடைக்கட்டும் என்று காரணம் சொன்னார்கள். சரி, நடவு மொத்தமும் ஏஜெண்டுக்குப் போய்விட்டால், அந்த 60 நாளும் நம்ம ஊர்ப் பெண்ணுக்கு எந்த வேலை இருக்கும்?

நடவு நம்ம பக்கத்தில் பெண்கள் வேலை. சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத வீட்டுக்கு அதுதான் கையில் ரொக்கம் வருகிற காலம். தீபாவளிச் சேலையும் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் அதிலேதான். அந்தப் பணம் இப்போது அந்த வீட்டுக்குப் போவதில்லை. தெருவில் கோபம் இருக்கிறதென்றால் அது வெறும் பொறாமை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பணம் வங்காளத்துக்காரர் கைக்காவது முழுசாகப் போகிறதா? என் ஒன்பது மாவிலும் சென்ற சம்பாவில் அவங்கதான் நட்டாங்க. நாம் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஏஜெண்ட் கையில் எண்ணிக் கொடுக்கிறோம். கொஞ்சம் தமிழ் பேசுகிற ஒரு பையனிடம், "தம்பி, உனக்கு இதில் எவ்வளவு?" என்று கேட்டேன். அவன் ஏஜெண்டைத் திரும்பிப் பார்த்தான், சிரித்தான், நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கொடுக்கிற நமக்கும் தெரியாது, நடுகிறவனுக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருத்தர், அவர் கால் சேற்றில் படுவதே இல்லை.

இதில் சிறு விவசாயிக்கு என்ன லாபம் என்றும் யோசியுங்கள். ஏஜெண்ட் முதலில் யார் வயலுக்குப் போவார்? அஞ்சு வேலி வைத்திருப்பவர் வயலுக்கு. ஒரே இடத்தில் நாலு நாள் வேலை, கணக்கும் சுலபம். மூணு மா வைத்திருக்கிறவர் போன் போட்டுக்கொண்டே இருப்பார், நாற்று நாற்றங்காலிலேயே முற்றிப்போகும். இன்றைக்கு உள்ளூர்க் கூலியைவிடக் குறைவு என்பது வாஸ்தவம். ஊரில் இருக்கிற நடவுச் செட்டுகள் கலைந்து, நாற்று பிடிக்கத் தெரிந்த கைகள் வேறு வேலைக்குப் போன பிறகு, ரேட்டைச் சொல்லப்போவது யார்? உர விலையை நாமா சொல்கிறோம்? டிராக்டர் வாடகையை நாமா சொல்கிறோம்? நடவு ரேட்டும் அந்த வரிசையில் சேரும்.

வந்தவர்கள் நிலையைப் பாருங்கள். மோட்டார் கொட்டகையில் படுக்கை, திறந்தவெளியில் சமையல். பாம்பு கடித்தாலோ இடி விழுந்தாலோ யார் பொறுப்பு என்று எழுதி வைத்த காகிதம் கிடையாது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஐந்து பேர் இருந்தாலே அது பொருந்தும், ஊரை விட்டு வந்ததற்கென்று தனிப்படியும் அதில் உண்டு. ஒழுங்காக நடத்தினார்களா என்பது வேறு விசயம். 2025 நவம்பர் 21 முதல் அமலான புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த ஐந்து பத்தாகிவிட்டது, தனிப்படியும் போய்விட்டது. நம்ம வயலில் நடுகிற எட்டுப் பேர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள்.

இந்த ஏஜெண்ட் நமக்குப் புது ஆள் இல்லை. நம்ம பாட்டன் காலத்தில் அவன் பெயர் கங்காணி. தஞ்சை, திருச்சி, ராமநாதபுரம் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போனான். முன்பணத்தையும் வழிச்செலவையும் கூலிக்காரன் தலையில் கடனாக எழுதினான். தோட்டத்துரையிடம் தலைக்காசு வாங்கினான். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் பாக்கி எழுதிய 'துண்டு' என்ற சீட்டு வேண்டும், அந்தப் பாக்கியைப் புதுத் தோட்டம் ஏற்றுக்கொண்டால்தான் போகலாம். 1921-ல்தான் அது ஒழிந்தது. அப்படிப் போய்க் காட்டை அழித்துத் தேயிலை வளர்த்தவர்களின் பிள்ளைகளைத்தான், 1948-ல் சட்டம் போட்டு அந்நியன் என்றார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இங்கே அனுப்புவதென்று தலையை எண்ணினார்கள். வெளியாள் என்ற சொல் எதுவரை போகும் என்று தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கீழ்வெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை எரித்துக் கொன்ற அந்தக் கொடுமைக்குப் பின்னால் இருந்தது கூலிச் சண்டை. உள்ளூர் ஆள் கூலி கூடக் கேட்டால் வெளியூர் ஆளை இறக்கி அறுப்பது அன்றைய மிராசுதார்கள் கையாண்ட வழி. இறக்கப்பட்டவர்களும் தமிழ் பேசுகிற ஏழைகள்தான். அப்போதும் சண்டை பாஷையைப் பற்றி இல்லை.

2023 மார்ச்சில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்களைச் செல்போனில் பரப்பினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. அந்தப் புரளியை நம்பி எத்தனையோ பேர் பயந்து ரயில் ஏறினார்கள். இந்தப் பக்கம் வெறுப்புப் பேசினால் அந்தப் பக்கம் பொய் விற்க ஆள் தயாராக இருக்கிறான்.

2025 அக்டோபரில் குறுவை நெல் மழையில் நனைந்து மூட்டையிலேயே முளைத்ததே, அதை எந்த வங்காளத்துக்காரன் செய்தான்? சுவாமிநாதன் கமிசன் மொத்தச் செலவோடு பாதி சேர்த்து விலை கொடு என்று சொல்லி இருபது வருசமாகப் போகிறது. அந்த விலை வந்தால் உள்ளூர்ப் பெண்ணுக்குக் கேட்ட கூலியைக் கொடுக்க நமக்கு என்ன கசக்கிறதா?

அதனால் நம் கோரிக்கை ஆளை விரட்டுவது அல்ல. ஊராட்சியில் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். எந்த ஏஜெண்ட், எத்தனை பேர், எந்த ஊர், என்ன ரேட், அதில் அவர் கமிசன் எவ்வளவு, எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். நடுகிறவர் கூலி அவர் கையிலேயே போக வேண்டும், உள்ளூர்க் கூலிக்கு ஒரு ரூபாய் குறையக் கூடாது. குறையவில்லை என்றால் அவரை வைத்து நம்ம பெண்கள் கூலியை யாரும் அமுக்க முடியாது. ஊர் நடவுச் செட்டுக்கு முதல் அழைப்பு, போதாத இடத்துக்கு வெளியாள் என்று நாமே முறை வைத்துக்கொள்ளலாம். வேளாண் பொறியியல் துறை நடவு எந்திரத்தை அந்தப் பெண்கள் குழுவிடமே கொடுத்து, ஓட்டவும் பழக்க வேண்டும். தங்குவதற்குச் சமுதாயக் கூடத்தைத் திறந்துவிடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நாம் கூடுகிற நாளில் நடவுச் செட்டுப் பெண்கள் முன்வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் ஊரில் தங்கியிருக்கிற வங்காளத்து ஆட்களையும் கூப்பிட்டு வாருங்கள். ஏஜெண்ட் விடமாட்டேன் என்றால், அவர் பெயரை மட்டும் எழுதிக் கொண்டுவாருங்கள்.