மரத்திலேயே முளைக்கும் விதை



பேரப்பிள்ளைகளைப் பிச்சாவரம் படகுச் சவாரிக்கு அழைத்துப் போயிருந்தேன். பக்கத்துப் படகில் வந்த ஒரு குடும்பம், முருங்கைக்காய் போலத் தொங்கியதை எட்டிப் பறித்து, கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு தூக்கி எறிந்தது. "காய்தானே சார்" என்றார் அந்தத் தம்பி. கோபம் வந்தாலும் அடக்கிக்கொண்டேன். நானே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு எடுத்தபோது ஒரு தேர்வில், "விதை முளைக்க மண்ணில் விழ வேண்டும், சரியா தவறா?" என்று கேட்டிருந்தேன். கிள்ளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் மட்டும் "தவறு. எங்க ஊர்ல மரத்திலயே முளைக்கும்" என்று எழுதினான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். சில ஆண்டுகள் கழித்துப் பிச்சாவரத்தை நேரில் பார்த்தபோதுதான் அவன் எழுதியது சரி என்று தெரிந்தது.

நாம் சுரபுன்னை, கண்டல் என்று சொல்லும் மரங்களின் குடும்பத்துக்கு ரைசோஃபோரேசியே என்று பெயர். சிறிய குடும்பம். உலகம் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 150 இனங்கள்தான். அதிலும் கடல் சேற்றில் வாழ்பவை நான்கே பேரினங்கள். அவற்றில் மூன்று பிச்சாவரத்தில் இருக்கின்றன. இங்கே கிடைத்த ஒரு கலப்பினத்துக்கு நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் 'ரைசோஃபோரா அண்ணாமலையானா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடையாளம் காண்பது எளிது. இலைகள் எதிரெதிராக இருக்கும். ஆலமரத்தில் உள்ளது போல, இலையடிச் செதில் உதிர்ந்த இடத்தில் கிளையைச் சுற்றி வளையத் தழும்பு தெரியும். பூவில் தடித்த புல்லி இதழ்கள் இருக்கும். காய்த்த பிறகும் அவை உதிராது. முட்டு வேர்கள் மரத்தைச் சேற்றில் தாங்கும். உப்பில் பெரும்பகுதியை வேரே வடிகட்டிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது விதை. உப்புச் சேற்றில் இளம் விதை பிழைப்பது கடினம். அதனால் தாய்மரம் அதைக் கீழே விடுவதில்லை. காய்க்குள்ளேயே முளைத்து, தண்டு நீண்டு, மாதக்கணக்கில் தொங்கி, தயாரான பிறகே விழும். ஆக, நாம் காய் என்று பறிப்பது ஒரு கன்று. முதிராமல் பறித்தால் அது பிழைக்காது.

அதே காட்டில் நிற்கும் தில்லை மரம் அப்படியல்ல. அது ஆமணக்குக் குடும்பம், 6,000 இனங்களுக்கு மேல் உள்ள பெரிய குடும்பம். அதன் விதை உதிர்ந்த பிறகுதான் முளைக்கும். சேறு ஒன்றுதான், பிழைக்கும் வழி வேறு.

"ஒன்றைப் பறித்தால் காடு அழிந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். ஒன்றால் அழியாது. ஆனால் கைக்கு எட்டும் கிளைகள் கால்வாய் ஓரத்தில்தான் இருக்கின்றன. எல்லாப் படகும் அவற்றை ஒட்டியே போகின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆண்டுதோறும் பேசுகிறோம். அப்படிப் பேசிவிட்டு அதன் கன்றைப் பறித்து விளையாடலாமா? வெறும் 'பறிக்காதே' பலகையால் பயனில்லை. அது என்ன என்று தெரிந்தால் கை தானாக நின்றுவிடும். ஆகவே நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு அவரைவிதை முளைப்பதோடு இதையும் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்த முறை போகும்போது உங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தழும்பையும் தொங்கும் கன்றையும் காட்டுங்கள், தொடாமல்.

கிள்ளைத் தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுது. உனக்கு நான் ஒரு மதிப்பெண் பாக்கி.

அன்புடன்,
உங்கள் சார்