டிக்கியில் ஒழுகும் லாபம்

அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆயினும் நம்மில் சிலர் அந்தக் காரைப் பேணி ஓட்டுகிறோம். டிக்கியில் சரக்கும் ஏற்றுகிறோம். டெயில் லைட்டின் அடியிலுள்ள ரப்பர் கேஸ்கட் இறுகி வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். சர்க்கரை கசியும், பருப்பு பூசணம் பிடிக்கும், தகடு துருவேறும். ரப்பரை மாற்றாமல் பசை பூசி மூடுவது வீண் சிக்கனம் என்பதே நம் கருத்து.

பழையதைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் காய்ந்தபின் புதியதைப் பொருத்துங்கள். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிவிடும்; சோப்புத் தண்ணீர் போதும். திருகுகளை மாறி மாறிச் சமமாக முடுக்குங்கள். அளவு மீறினால் விளக்கு மூடி விரிசல் விடும். முடிவில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

கூரை ஒழுகும் கிடங்குக்குப் பூட்டு எதற்கு? காருக்கும் அதே கணக்குதான்.